ஆடிய கால்களும் அடைத்த கதவுகளும்

மேடையிலே ஒரு படிக்கட்டு. ஏற ஐந்து படி, இறங்க ஐந்து படி. மரத்தால் அடிப்பாகம் வைத்த காலணியுடன் கறுப்பு மனிதர் ஒருவர் ஏறுகிறார், படி பேசுகிறது! இறங்குகிறார், படி பாடுகிறது! ஒவ்வொரு படிக்கும் ஒவ்வோர் ஓசை. கொட்டகை கைதட்டலால் அதிர்கிறது. ஆட்டம் முடிந்து வெளியே வந்து, அதே மனிதர் வெள்ளையர் ஓட்டலின் வாசற்படியில் கால் வைத்தால் கதவு அடைபடும். பில் ராபின்சன் வாழ்ந்த அமெரிக்கா அது.

ஆட்டக்காரர் கதை உழைப்பாளிகளுக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கால்களை மூலதனமாகக் கொண்டு பிழைத்த ஓர் உழைப்பாளியின் கதை இது, ஆகவேதான் எழுதுகிறோம்.

1878 மே 25 அன்று வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் அவர் பிறந்தார். அடிமை முறை ஒழிந்து 13 ஆண்டுகளே ஆகியிருந்தன. தாய் தந்தையரைச் சிறு வயதிலேயே இழந்தவரை வளர்த்தவர் பாட்டி. அந்த மூதாட்டியும் முன்னாள் அடிமைதான்! பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில், பையன் தெருவில் ஆடிக் காசு பொறுக்கினான்.

வளர்ந்து மேடைக்கு வந்தார். அங்கே ஒரு விசித்திர விதி: கறுப்பர் தனித்து ஆடலாகாது, இருவராகத்தான் தோன்ற வேண்டும்! ஜார்ஜ் கூப்பர் என்பவருடன் பல ஆண்டுகள் ஜோடியாக ஆடினார். பின்னர் அந்த விதியை உடைத்தார். தனி ஒருவராக நின்று கொட்டகைகளை நிரப்பினார். 1918 வாக்கில் பிறந்ததே அந்தப் படிக்கட்டு நடனம். பாதத்தைத் தரையில் அறைந்து ஆடிவந்த டாப் நடனத்தை, நுனிக்காலில் நிமிர்ந்து நின்று, சிட்டுக்குருவி தத்துவதுபோல் மென்மையாக்கியவர் அவர். 1928இல், 50 வயதில், நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ‘பிளாக்பேர்ட்ஸ்’ என்னும் இசை நாடகம் அவரைப் புகழின் உச்சியில் ஏற்றியது. 1939இல் ‘ஹாட் மிக்காடோ’ நாடகத்தில் ஆடியபோது வயது 61!

அன்றாட வாழ்வோ எளிமையும் வேடிக்கையும் கலந்தது. மதுவும் புகையும் தொடமாட்டார். ஐஸ்கிரீம் என்றால் உயிர். பின்னோக்கி ஓடுவதில் வல்லவர். 100 கஜத்தை 13.5 விநாடியில் ஓடிக் காட்டினார். சூதாட்டம் மட்டும் விட்டுவைக்கவில்லை. அந்தக் குறையை மறைக்க மாட்டோம். கேட்டவருக்கெல்லாம் கொடுத்த கையும் அதுவே. 1933இல் பிறந்த ஊருக்குச் சென்றவர், குழந்தைகள் அஞ்சி அஞ்சிச் சாலை கடப்பதைக் கண்டார். தம் பணத்தைக் கொடுத்து அங்கே போக்குவரத்து விளக்கு நிறுத்தச் செய்தார்.

1935இல் ‘லிட்டில் கர்னல்’ படத்தில், ஷெர்லி டெம்பிள் என்னும் வெள்ளைச் சிறுமியுடன் படிக்கட்டில் ஆடினார். ஒரு கிழவரும் ஒரு குழந்தையும் கைகோத்தனர், அவ்வளவுதான். அதையும் தாங்கவில்லை நிறவெறி! தென் மாநிலங்களில் அந்தக் காட்சிக்குக் கத்தரி விழுந்தது. இன்னொரு பக்கம், வேலைக்காரர் வேடத்தில் சிரித்து நடிக்கிறாரே என்று அவர் இனத்தாரிலேயே சிலர் குறை கூறினர். அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் முன் வேறு வேடம் எதை வைத்தார்கள்? குற்றம் வேடம் போட்டவருடையதா, வேறு வேடம் தர மறுத்தவருடையதா?

1949 நவம்பர் 25 அன்று, 71 வயதில், கையில் காசின்றி மறைந்தார். பெருஞ்செல்வம் ஈட்டியவரின் இறுதிச் செலவை நண்பர் எட் சல்லிவன் ஏற்றார். ஹார்லெம் பள்ளிகள் மூடப்பட்டன. பல்லாயிரவர் வீதியில் திரண்டனர்.

ரிச்மண்டில் அவர் விளக்கு நிறுத்திய சந்திப்பருகே 1973இல் சிலை எழுந்தது. படியில் இறங்கி ஆடும் கோலம்! 1989இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர் பிறந்த நாளை டாப் நடன நாளாக்கியது. மகிழ்கிறோம். ஆனாலும் கேட்கிறோம்: அந்தக் கால்களுக்குக் கைதட்டிய நாட்களிலேயே, அந்த மனிதருக்குக் கதவையும் திறந்திருக்கலாகாதா?