ஜாம்ஷெட்ஜி வாடியாவின் தேக்குக் கப்பல்கள்

பெருங்கப்பல் கட்டும் வித்தை மேல்நாட்டாருக்கே உரியது என்று கருதுவோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் பம்பாய் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் சரித்திரத்தை அறிதல் நலம்.

1754-இல் பார்ஸி குலத்தில் பிறந்தவர் அவர். பாட்டனார் லவ்ஜி நஸர்வான்ஜி, 1736-இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த கப்பல் தச்சர். ஜாம்ஷெட்ஜியும் உளியும் வாய்ச்சியும் பிடித்தே தொழில் பயின்றார்; 1792-இல் உறவினர் பிராம்ஜி மானெக்ஜியுடன் கம்பெனிக் கப்பல்துறையின் தலைமைத் தச்சரானார்.

நெப்போலியனோடு நிகழ்ந்த யுத்தத்தில் பிரிட்டனுக்கு ஓக் மரம் அருகிற்று. மலையாளக் கரைத் தேக்கோ எளிதில் உளுத்துப் போகாதது. அதன் எண்ணெய்ப்பசை இரும்பாணியையும் காக்கும். 1810-இல் 74 பீரங்கிகள் தாங்கும் மிண்டன் என்னும் கப்பலை ஜாம்ஷெட்ஜி கடலில் இறக்கினார். பிரிட்டிஷ் கடற்படைக்கென அந்நாட்டுக்கு வெளியே கட்டப்பட்ட அத்தகைய பெருங்கப்பல்களில் அதுவே முதலாவது. 1813-இல் கார்ன்வாலிஸும் 1815-இல் வெல்லெஸ்லியும் தொடர்ந்தன. கம்பெனியார் மகிழ்ந்து வெள்ளி அளவுகோல் ஒன்றைப் பரிசளித்தனர். 1821-இல் அவர் காலமானார்.

அவர் கப்பல்கள் செய்த ஊழியம் யாது? 1839-இல் வெல்லெஸ்லியின் பீரங்கிகள் கராச்சிக் கோட்டையைத் தகர்த்தன. அவ்வூர் ஆங்கிலேயர் வசமாயிற்று. மறு ஆண்டு அபினி யுத்தத்தில் அக்கப்பல் சீனாவின் சூஷான் தீவைத் தாக்கச் சென்றது. 1842-இல் ஹாங்காங்கைச் சீனர் இழந்த நான்கிங் உடன்படிக்கை, கார்ன்வாலிஸ் கப்பலிலேயே கையெழுத்தாயிற்று. நமது காட்டு மரமும் நமது தச்சர் கைத்திறனும் நம்மையும் அண்டை நாட்டாரையும் அடக்கும் கருவிகளாயின!

மரத்தின் உறுதியில் குறையில்லை. வெல்லெஸ்லி 125 ஆண்டுகள் நிலைத்து, 1940-இல் தேம்ஸ் நதியில் ஜெர்மானியர் குண்டுக்கு இரையாயிற்று. திருகோணமலையின் பெயர் தாங்கி 1817-இல் அவர் கட்டிய மற்றொரு போர்க்கப்பல், இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது.

ஜாம்ஷெட்ஜியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமன்று. கட்டியவர் அவர், செலுத்தியவர் அந்நியர். தொழில் நம்முடையதாயினும் அதிகாரம் பிறருடையதானால், திறமையும் அடிமைத்தளையையே வலுப்படுத்தும். இதை நன்குணர்ந்தே 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார்.

நமது ஆவடியில் தொழிலாளர் உருவாக்கும் டாங்கிகள் சுதந்திர பாரதத்தின் கொடியின் கீழ்ச் செல்கின்றன. பம்பாயின் மகா தச்சருக்கு வாய்க்காத பேறு அது. அதன் அருமையை மறவாதிருப்பது நம் கடன்.