யானைக்குத் தப்பிய பாரதியார்

பாரதியார் எப்படி இறந்தார் என்று கேட்டால், யானை அடித்து இறந்தார் என்றுதான் பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. யானையிடமிருந்து அவர் உயிர் தப்பிவிட்டார். அவரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு நோய்.

கரிசல் காட்டுப் பிள்ளை

கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கிறது எட்டயபுரம். சுற்றிலும் கரிசல் காடு. பருத்தியும் கம்பும் விளையும் பூமி. மழை பெய்தால்தான் ஊருணியில் தண்ணீர்.

அந்த ஊரில் 1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி சுப்பையா பிறந்தார். தகப்பனார் சின்னசாமி ஐயர். தாயார் லட்சுமி அம்மாள். ஐந்து வயதிலேயே தாயார் காலமானார். பதினோரு வயதில், பையனின் புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள் "பாரதி" என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள்.

தகப்பனார் பருத்தி ஆலை வைத்தார். அது நொடித்தது. மனம் உடைந்த அவர் 1898-ல் இறந்தார். பாரதியார் காசியில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனார்.

ஊர் ஊராக

அன்று முதல் அவர் வாழ்க்கை பயணமாகவே கழிந்தது. காசியிலிருந்து எட்டயபுரம் திரும்பினார். 1904-ல் மதுரையில் சில மாதம் ஆசிரியர் வேலை. பிறகு சென்னையில் "சுதேசமித்திரன்" பத்திரிகை. 1907-ல் சூரத் காங்கிரசுக்குப் போனார். 1908-ல் வெள்ளையர் அரசு பிடிக்க வந்தது. புதுச்சேரிக்குப் போய்விட்டார். அங்கே பத்து வருடம் இருந்தார்.

1918-ல் அங்கிருந்து வெளியே வந்ததும் கைதானார். விடுதலையாகி, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் வாழ்ந்தார். 1920-ல் மீண்டும் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணியில் குடியேறினார். இத்தனை அலைச்சலிலும் வறுமையிலும் உடம்பு இளைத்துப்போயிருந்தது.

கோவில் யானை

பார்த்தசாரதி கோவில் யானைக்குப் பழம் கொடுப்பது அவர் வழக்கம். ஒரு நாள் யானைக்கு மதம் பிடித்திருந்தது. அது தெரியாமல் அருகே போனார். யானை தள்ளியது. அதன் காலடியில் விழுந்தார். கூட்டம் திகைத்து நின்றது. நண்பர் குவளைக்கண்ணன் பாய்ந்து போய் அவரைத் தூக்கி வந்தார். ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடந்தது. காயம் ஆறியது. பத்திரிகை வேலைக்கும் திரும்பினார்.

அதன் பிறகு ஈரோட்டுக்கே பயணம் போனார்! 1921 ஜூலை 31-ந் தேதி, அங்கே கருங்கல்பாளையத்தில் பேசினார். பேச்சின் பொருள், மனிதனுக்கு மரணம் இல்லை என்பது.

கடைசி இரவு

செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு கண்டது. உடம்பில் தாங்கும் சக்தி இல்லை. மருந்து சாப்பிடவும் அவர் விரும்பவில்லை. நண்பர்கள் கெஞ்சினார்கள். பலன் இல்லை. 11-ந் தேதி இரவு பரலி சு. நெல்லையப்பர் முதலிய நண்பர்கள் பக்கத்திலேயே விழித்திருந்தார்கள். நள்ளிரவு கழிந்து உயிர் பிரிந்தது. வயது 39 கூட நிறையவில்லை. செல்லம்மாளும் இரண்டு பெண்களும் ஆதரவற்று நின்றார்கள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் மிகச் சிலரே.

நோய் வரும் வழி

வயிற்றுக்கடுப்புக்கு வேர் கிருமி. அதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அமீபா. மற்றொன்று, ஜப்பானிய டாக்டர் கியோஷி ஷிகா 1897-ல் கண்டுபிடித்த பாக்டீரியா. நோயாளியின் மலத்திலிருந்து தண்ணீர், ஈ, கழுவாத கை வழியாக அடுத்தவர் வாய்க்குப் போகிறது. சுத்தமில்லாத தண்ணீர் எந்த நாட்டில் இருந்தாலும் அங்கே இது பரவும். படைவீரர், யாத்திரீகர், கப்பல் பயணி என்று எத்தனையோ பேரை இது மாய்த்திருக்கிறது.

பாக்டீரியாவைப் பெருகவிடாமல் தடுக்கும் சல்பா மருந்துகள் 1930-களில்தான் வந்தன. பேதியில் வற்றிப்போகும் உடம்பைக் காக்கும் எளிய வழி அதற்கும் பின்னால் வந்தது. 1971-ல் வங்காள அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய்வழியே கொடுத்து ஏராளமானவர்களைப் பிழைக்க வைத்தார்.

வெளியூர் போகிறவர்களுக்கு

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையே குடிக்கவேண்டும். ஈ மொய்த்த பண்டம் கூடாது. சாப்பிடும் முன்பும், மலம் கழித்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். பேதி கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். மலத்தில் இரத்தம் போனாலோ, காய்ச்சல் கண்டாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போகவேண்டும். நோயாளி வேண்டாம் என்றாலும் வீட்டார் விட்டுவிடக் கூடாது.

எட்டயபுரத்தில் 1947-ல் பாரதி மணிமண்டபம் திறக்கப்பட்டது. அதைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், யானைக் கதையோடு இந்தத் தண்ணீர்க் கதையையும் சொல்லவேண்டும். யானை வருவது கண்ணுக்குத் தெரியும், விலகிக்கொள்ளலாம். தம்ளர் தண்ணீரில் இருக்கும் கிருமி கண்ணுக்குத் தெரியாது.