தயிரை நம்பிய மெச்னிகாஃப்



தயிரும் பழைய சோறும் சாப்பிட்டால் எந்த நோயும் அண்டாது என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றுகிறது, உங்களுக்கும் வந்திருக்கும். நான் பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன், வரவையும் செலவையும் சரிபார்க்காமல் தூக்கம் வராது. அதனால் இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவர் யார் என்று தேடினேன். எலீ மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி.

1845-ல், இன்றைய உக்ரைனில் உள்ள கார்கிவ் அருகே பிறந்தவர். 1869-ல் திருமணம். மணப்பெண் லுட்மிலாவுக்குக் கடுமையான காசநோய். நாற்காலியில் உட்காரவைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கி வந்தார்கள். நான்கே வருடத்தில் அவர் போய்விட்டார். மெச்னிகாஃப் உயிரை விட முயன்று பிழைத்தார். சில ஆண்டுகள் கழித்து இரண்டாவது மனைவி ஓல்காவுக்கு டைபாய்டு வந்தது. அவர் தேறிவிட்டார், ஆனாலும் மெச்னிகாஃப் மறுபடியும் அதே முடிவுக்குப் போய்த் தப்பினார். வாழவே பிடிக்காத இந்த மனிதர்தான் பின்னாளில் ஆயுளை நீட்டுவது பற்றிப் புத்தகம் எழுதினார். யோசித்துப் பாருங்கள்.

1882-ல் இத்தாலியின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் குஞ்சுக்குள் சிறு முள்ளைக் குத்திப் பார்த்தார். மறுநாள் உடலின் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. கிருமியை விழுங்கும் செல்கள் நம் உடம்பில் இருப்பது இப்படித்தான் தெரியவந்தது. அதற்காக 1908-ல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசு பெற்றார்.

தயிர் விஷயம் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது வந்தது. பெருங்குடலில் உணவு அழுகி உண்டாகும் நஞ்சுதான் முதுமைக்குக் காரணம், புளித்த பாலின் கிருமிகள் அதைத் தடுக்கும் என்றார். பல்கேரியக் கிராமத்தார் தயிரால்தான் நெடுநாள் வாழ்கிறார்கள் என்று நம்பி, தானும் தினமும் புளித்த பால் குடித்தார்.

இதில் அவர் கணக்கு பாதி தவறு. பெருங்குடல் நமக்கு எதிரி இல்லை. அவர் நம்பிய பல்கேரியக் கிருமி குடலில் தங்குவதும் இல்லை. ஆனால் நல்ல கிருமிகளைச் சாப்பிட்டே உடம்பைப் பேணலாம் என்ற எண்ணம் நின்றுவிட்டது. தயிரிலுள்ள உயிருள்ள கிருமிகள் பால் சர்க்கரையைச் செரிக்க உதவுகின்றன. பால் குடித்தால் வயிறு உப்புகிற பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது அதனால்தான். ஒன்று கவனியுங்கள்: இட்லி மாவைப் புளிக்கவைக்கும் கிருமிகள் ஆவியில் வெந்ததும் செத்துவிடும். மோர்க்குழம்பைக் கொதிக்கவிட்டாலும் அதே கதைதான். உயிரோடு வேண்டுமென்றால் மோர், நீராகாரம், ஆறின சோற்றில் பிசைந்த தயிர். (என் வீட்டில் இதைச் சொன்னதற்கு, இட்லியை என்ன பச்சையாகத் தின்பதா என்று கேட்டார்கள்.)

1930-ல் ஜப்பானில் மினோரு ஷிரோட்டா குடல்வரை உயிரோடு போய்ச் சேரும் ஒரு கிருமியை வளர்த்தெடுத்தார். கடைகளில் சின்னப் பாட்டிலில் விற்கும் யாகுல்ட் அதுதான்.

மெச்னிகாஃப் 1916 ஜூலையில், 71 வயதில், இதய நோயால் காலமானார். அவருடைய அஸ்தி பாஸ்டர் நிறுவன நூலகத்தில் வைக்கப்பட்டது.