ராஜா தீன் தயாள்

வியாபாரிக்கு வாடிக்கையாளரின் நம்பிக்கையே முதல். இதை உணர்ந்து உயர்ந்த ஒரு போட்டோக்காரரின் வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

லாலா தீன் தயாள் 1844-ல் மீரட் அருகே சர்தானாவில் ஜைனக் குடும்பமொன்றில் பிறந்தார். ரூர்க்கியில் பொறியியல் கற்று, 1866-ல் இந்தூர் மராமத்து இலாகாவில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே போட்டோத் தொழிலைப் பழகி, பின்னர் சர்க்கார் உத்தியோகத்தை விட்டு அதையே பிழைப்பாகக் கொண்டார். ஐதராபாத் ஆறாவது நிஜாம் மீர் மஹ்பூப் அலி கான் அவர்கள் அவரைத் தமது அரண்மனைப் போட்டோக்காரராக்கினார்.

கோட்டை, கோயில், பள்ளிவாசல், தர்பார், புலிவேட்டை, படை அணிவகுப்பு எல்லாம் எடுத்தார். அதே பெட்டியால் பஞ்ச நிவாரண வேலைகளையும் எடுத்தார். நிஜாம் அவருக்கு ராஜா என்றும் முசவ்விர் ஜங் என்றும் பட்டங்கள் அளித்தார். 1897-ல் விக்டோரியா மகாராணியாரின் அங்கீகாரமும் கிடைத்தது.

ஆயினும் என் மனத்தைத் தொட்டது வேறொன்று. கோஷாப் பெண்கள் அந்நிய ஆடவர் முன் படத்திற்கு அமரமாட்டார்கள். அவர்களுக்கென்றே 1892-ல் ஐதராபாத்தில் தனி ஸ்டூடியோ திறந்தார். சுற்றிலும் உயர்ந்த மதில்; உள்ளே பொறுப்பு ஓர் ஆங்கில மாதிடம். தாய்மார் கூச்சமின்றி வந்து போயினர்.

அன்னார் 1905-ல் காலமானார்.

என் கடையில் ஆண்கள் கூட்டம் கலையும்வரை தாய்மார் வாசலிலேயே நிற்பதுண்டு. எத்தனையோ வருடம் அதைக் கண்டும் சும்மா இருந்தேன். இவ்வரலாற்றை அறிந்தபின் அவர்களுக்கென ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டேன். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை நடத்தும் சகோதரர்களே! வாடிக்கையாளரின் கண்ணியம் நம்மிடமுள்ள அமானிதம். அதைப் பேண அல்லாஹ் நமக்கு அருள்வானாக, ஆமீன்.