பாரிஸின் பழைய தெருக்களைக் கண்ணாடியில் சேர்த்துவைத்த அட்ஜே!

உங்க போன் கேலரியில எத்தனை போட்டோ இருக்கும்? ஆயிரம், ரெண்டாயிரம்? அதுல உங்க தெருவோட போட்டோ எத்தனை? முக்குல இருக்கிற டீக்கடை, மளிகைக் கடை போர்டு, எதிர்வீட்டு வாசற்படி... 'இதையெல்லாம் யாராவது போட்டோ எடுப்பாங்களா'ன்னுதானே தோணுது?

பாரிஸில் ஒருவர் எடுத்தார். அதுவும் 30 வருடங்களுக்கு மேல். கடை வாசல், மாடிப்படி, கதவுக் கைப்பிடி, ஆளில்லாத சந்துன்னு சலிக்காம எடுத்தார். அவர் பெயர் யூஜின் அட்ஜே. பாரிஸ் நகரத்தின் பழைய முகத்தைத் தேடுகிற யாரும் இன்றைக்கு அவர் படங்களைத் தாண்டிப் போக முடியாது. ஆனால், வாழ்ந்த காலத்தில் அவரைத் தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

நடிகனாக நினைத்தவர்

1857 பிப்ரவரி 12-ம் தேதி, பிரான்ஸின் போர்தோ நகருக்குப் பக்கத்தில் இருக்கும் லிபூர்னில் பிறந்தார் அட்ஜே. சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்துவிட, தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். கொஞ்சகாலம் கப்பலில் வேலை. ஆனால், மனசு முழுக்க நாடகம்.

1878-ல் பாரிஸ் வந்தார். அரசு நாடகக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தோற்றார். அடுத்த வருடம் மறுபடி முயற்சி செய்து சேர்ந்துவிட்டார். அதே நேரத்தில் கட்டாய ராணுவ சேவையும் செய்யவேண்டியிருந்தது. ரெண்டையும் சமாளிக்க முடியலை. 1881-ல் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

அப்புறம் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களில் சின்னச் சின்ன வேஷங்கள். அங்கேதான் 1886-ல் வாலன்தீன் கம்பஞோன் என்ற நடிகையைச் சந்தித்தார். கடைசிவரை இருவரும் பிரியவில்லை. அடுத்த வருடமே அட்ஜேவுக்குத் தொண்டையில் பாதிப்பு. குரல் போனால் நடிகனுக்கு ஏது மேடை? ஓவியம் வரைந்து பார்த்தார். அதுவும் சோறு போடவில்லை. முப்பது வயதைக் கடந்த பிறகுதான் கேமராவைக் கையில் எடுத்தார்.

ஓவியர்கள் வரைவதற்கு மாதிரி தேவை. மரம், பூ, பழைய கதவு, வண்டி... இதையெல்லாம் படமெடுத்து அவர்களுக்கு விற்பதுதான் அவரது முதல் பிசினஸ். தன்னைக் கலைஞன் என்று அவர் சொல்லிக்கொண்டதே இல்லை. தான் தருவது ஆவணம், அவ்வளவுதான் என்பார்.

இடியும் நகரம்

அட்ஜே பிறப்பதற்கு முன்பே பாரிஸை இடித்துக் கட்டும் வேலை ஆரம்பித்துவிட்டது. 1853-ல் பொறுப்புக்கு வந்த ஓஸ்மான் என்ற அதிகாரி, குறுகிய சந்துகளை உடைத்து அகலமான சாலைகளைப் போட்டார். அவர் போன பிறகும் இடிப்பது நிற்கவில்லை. 1900-ல் மெட்ரோ ரயிலும் வந்தது. மிச்சம் இருப்பதையாவது பதிவு செய்யவேண்டும் என்ற கவலை நகரத்துக்கு வந்தது. 1897-ல் பழைய பாரிஸுக்காக ஒரு கமிஷனே அமைத்தார்கள்.

அருங்காட்சியகங்களும் நூலகங்களும் இந்தப் படங்களை வாங்குவார்கள் என்பதை அட்ஜே புரிந்துகொண்டார். அந்தச் சமயத்திலிருந்து பழைய தெருக்கள் பக்கம் திரும்பினார்.

அவருடைய கேமரா மரத்தால் ஆனது. பிலிமுக்குப் பதிலா 18-க்கு 24 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகள். ஸ்டாண்டு, தகடுகள் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 20 கிலோ. இதைத் தூக்கிக்கிட்டு விடிகாலையிலேயே கிளம்பிடுவார். அப்போதுதான் தெரு காலியாக இருக்கும். ஒரு படம் பதியச் சில நொடிகள் ஆகும். அதற்குள் யாராவது குறுக்கே நடந்தால், படத்தில் அவர்கள் புகைமாதிரித்தான் தெரிவார்கள்.

1898-லிருந்து 1900 வரை தெரு வியாபாரிகளைத் தேடித் தேடி எடுத்தார். விளக்கு மறைப்பு விற்பவர், இசைப்பெட்டி சுற்றுபவர், பழைய துணி பொறுக்குபவர்... நகரம் மாறினால் முதலில் காணாமல்போவது இவர்கள்தான். அவர்கள் முகம் இன்றைக்கும் இருக்கிறது. கூவி விற்ற குரல் இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் பெயர்கூட இல்லை. கேமராவால் முடிந்தது அவ்வளவுதான்.

பின்னால் எழுதிய முகவரி

1899-ல் மோன்பர்னாஸ் பகுதியில் ஒரு ஐந்தாவது மாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள். சாகும்வரை அட்ஜேவின் வீடும் ஸ்டூடியோவும் அதுதான். தகட்டையும் தாளையும் சட்டத்தில் மாட்டி, வெயிலில் வைத்துப் பிரின்ட் போடுவார்.

அவர் விடாமல் செய்த ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு தகட்டுக்கும் எண் போடுவார். பிரின்ட்டின் பின்பக்கம் எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்று எழுதுவார். தலைப்பு வாரியாக ஆல்பத்தில் அடுக்குவார். முகவரி இல்லாவிட்டால் அது வெறும் பழைய வீட்டுப் படம். முகவரி இருந்தால்தான் அது ஒரு நகரத்தின் வரலாறு.

1906-ல் பாரிஸ் நகர வரலாற்று நூலகம், தெருத் தெருவாகப் படமெடுக்கும் வேலையை அவரிடம் கொடுத்தது. 1910-ல் பாரிஸ் வீடுகளின் உட்புறங்களை வைத்து ஒரு ஆல்பம் தயாரித்தார். அதில் ஒரு நாடக நடிகரின் வீடு என்று இருக்கும் படங்கள், உண்மையில் அவருடைய சொந்த வீடு! வேறு முகவரி எழுதி ஒளித்துவைத்திருந்தார். ஊரையெல்லாம் பதிவு செய்தவர், தன்னைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

1914-ல் முதல் உலகப்போர். வாலன்தீனின் மகன் போர் ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே உயிரிழந்தார். அட்ஜே தன் தகடுகளையெல்லாம் கொண்டுபோய் நிலவறையில் பத்திரப்படுத்தினார்.

போர் முடிந்ததும் ஒரு பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. வயசாகுது. வாரிசு இல்லை. தனக்குப் பிறகு இந்தத் தகடுகள் மதிப்புத் தெரியாதவர்கள் கையில் சிக்கினால்? 1920-ல் அரசு நுண்கலைத் துறையின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். 2,621 தகடுகளை அரசு 10,000 ஃபிராங்குக்கு வாங்கிக்கொண்டது. அதன் பிறகு பூங்காக்கள், மரங்கள், கடை ஜன்னல்கள் என்று மனசுக்குப் பிடித்ததை எடுத்தார்.

ஒரு பெண் கேட்ட கேள்வி

அதே தெருவில் மான் ரே என்ற அமெரிக்கக் கலைஞர் இருந்தார். 1926-ல் அவர் மூலம் அட்ஜேவின் படங்கள் ஒரு கலைப் பத்திரிகையில் வெளிவந்தன. தன் பெயரைப் போடவேண்டாம் என்று அட்ஜே சொல்லிவிட்டார். அதே வருடம் வாலன்தீன் இறந்துபோனார்.

மான் ரேயிடம் உதவியாளராக இருந்தவர் பெரெனிஸ் அபோட் என்ற இளம்பெண். அட்ஜேவின் படங்களைப் பார்த்து அசந்துபோனவர். 1927-ல் அட்ஜேவைத் தன் ஸ்டூடியோவுக்கு வரவழைத்துப் படமெடுத்தார். எப்போதும் ஒட்டுப்போட்ட உடையில் திரியும் மனிதர், அன்று நல்ல கோட்டு அணிந்து வந்தார். பிரின்ட்டை எடுத்துக்கொண்டு அபோட் அவர் வீட்டுக்குப் போனபோது, அட்ஜே உயிரோடு இல்லை. 1927 ஆகஸ்ட் 4-ல் இறந்திருந்தார்.

மிச்சமிருந்த தகடுகள் என்னாகும்? அபோட் விடவில்லை. அட்ஜேவின் உடைமைகளுக்குப் பொறுப்பாக இருந்த பழைய நாடக நண்பர் ஆந்த்ரே கால்மெத்தைத் தேடிப் பிடித்தார். கடன் வாங்கி, 1928-ல் ஆயிரத்துக்கும் அதிகமான தகடுகளையும் ஆயிரக்கணக்கான பிரின்ட்களையும் வாங்கினார்.

அபோட் இன்னொன்றும் செய்தார். அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்று நண்பரிடம் கேட்டார். கால்மெத் நினைவிலிருந்து எழுதி அனுப்பினார். நாடக நாட்கள், வறுமை, பல வருடங்கள் பாலும் ரொட்டியும் சர்க்கரையும் மட்டுமே சாப்பிட்ட பிடிவாதம்... இன்றைக்கு அட்ஜே பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். கேட்க ஒருத்தர், சொல்ல ஒருத்தர் இல்லையென்றால், தகடுகள் தப்பித்திருந்தாலும் அந்த மனிதர் தப்பித்திருக்கமாட்டார்.

அபோட் அந்தப் படங்களை 40 வருடங்கள் காப்பாற்றினார். 1968-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றை வாங்கியது. பாரிஸ் நகர அருங்காட்சியகங்கள் 2020-ல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்ட படங்களிலும் அட்ஜே இருக்கிறார். போனிலேயே பார்க்கலாம்.

அட்ஜே தூக்கிய 20 கிலோ இப்போ நம்ம பாக்கெட்ல இருக்கு. கூடவே, அவருக்குக் கிடைக்காத ஒரு வசதியும் இருக்கு. வாய்ஸ் ரெக்கார்டர்! அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்க தெருவை ஒரு ரவுண்டு எடுங்க. எந்த இடம், எந்தத் தேதின்னு குறிச்சு வைங்க. அந்தப் படங்களை உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட காட்டி, இந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேளுங்க. அவங்க சம்மதத்தோட ரெக்கார்டும் பண்ணுங்க. அப்புறம் அதை உங்க போன்ல மட்டும் வெச்சுக்காம, இன்னொருத்தர்கிட்டயும் ஒரு காப்பி கொடுத்து வைங்க.