டொம் கில்பேர்ன்: ‘இல்லை’ வேறு, ‘உரிமையில்லை’ வேறு

1948ஆம் ஆண்டு எதற்காக நினைவுகூரப்படுகிறது என்று ஹட்டனிலோ நுவரெலியாவிலோ யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதே ஆண்டு ஜூன் 21ஆம் திகதி, மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், கட்டளைகளையும் தன் நினைவகத்திலேயே வைத்திருந்த மின்னணுக் கணினி ஒன்று முதன்முறையாக ஒரு நிரலை ஓட்டி முடித்தது. 17 கட்டளைகள், 52 நிமிடங்கள். அந்த நிரலை எழுதியவர் டொம் கில்பேர்ன்.

1921 இல் யோர்க்‌ஷயரின் டியூஸ்பரியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். யுத்தம் அவரை ரேடார் ஆய்வுக்கு அனுப்பியது. யுத்தம் முடிந்ததும் அவரும் பிரெடி வில்லியம்ஸும் ரேடார் திரைக் குழாயையே கணினியின் நினைவகமாக்கினார்கள்.

ஆனால் இன்று நமது கைத்தொலைபேசி வரைக்கும் வந்திருப்பது அவருடைய பின்னாளைய வேலை. 1962 டிசம்பரில் தொடக்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினியின் வேகமான நினைவகத்தில் 512 சொற்கள் கொண்ட 32 பக்கங்களுக்கே இடமிருந்தது. மீதி காந்த உருளையில் கிடந்தது. நிரல் கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால், அட்லஸ் அதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. நிரலை நிறுத்திவைத்து, உருளையில் தேடி, பக்கத்தைக் கொண்டுவந்து, விட்ட இடத்திலிருந்து தொடரவிட்டது. அதைச் செய்த மேற்பார்வை நிரலை டேவிட் ஹோவார்த்தின் குழு எழுதியது.

இன்றைய இயங்குதளங்களின் மையமான கெர்னலும் இப்படித்தான் நடக்கிறது. நினைவகத்தை அணுகுவதில் தடங்கல் வந்தால், நம் மேசைக் கணினிகளில் உள்ள செயலி ஒரு பிழைக் குறியீட்டைக் கொடுக்கும். அதன் முதல் பிற் சொல்வது ஒன்றைத்தான்: பக்கம் அங்கே இல்லையா, அல்லது இருந்தும் அனுமதியில்லையா? அதோடு கெர்னல் முடித்துவிடாது. தன் சொந்தப் பதிவேட்டைப் பார்க்கும். அந்த முகவரி நிரலுக்கு உரியதென்றால் பக்கத்தைத் தேடிக் கொடுப்பது கெர்னலின் பொறுப்பு. நிரலுக்கு நடந்ததே தெரியாது. உரியதல்லவென்றால்தான் நிரல் நிறுத்தப்படும்.

1948இன் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் இந்தப் பிரிப்பைச் செய்யவில்லை. தகப்பன் இலங்கையில் பிறந்தவர், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டச் சொன்னது. லயத்தில் பிறந்து, பதிவேட்டில் ஏறாத பாட்டனுக்கு எந்தப் பத்திரத்தைக் காட்டுவது? பத்திரம் இல்லை என்பதே உரிமை இல்லை என்றானது. தேடிக் கொடுக்கும் பொறுப்பை அரசு ஏற்கவில்லை. கொழுந்து பறித்தவர் தலையில் வைத்தது. 1949இன் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் பல, இருந்த துண்டுகளையும் இடப்பெயர்வுகளில் தொலைத்தன.

கில்பேர்ன் 1964 இல் மன்செஸ்டரில் கணினி விஞ்ஞானத் துறையைத் தொடங்கினார். மன்செஸ்டர் யுனைட்டெட் அணியின் தீவிர ரசிகர். 1981 இல் ஓய்வுபெற்று, 2001 ஜனவரி 17 இல் காலமானார். மலையகத்தில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003 இல்.