பொறியியற் கல்லூரியில் புகுந்த முதல் மங்கை

அணை எழுப்புவதும் மின்சாரம் ஆக்குவதும் ஆடவர்க்கே உரிய பணிகள் என்று ஒரு காலத்தில் எண்ணினர். அந்நாளில் கிண்டி பொறியியற் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்து, பாரதத்தின் முதற் பெண் பொறியாளர் என்னும் பெருமை பெற்றவர் அ. லலிதா. பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியின் முதலாண்டில் அடி வைக்கப் போகும் நாம் அவருடைய வாழ்க்கையை அறிந்திருத்தல் நலம்.

லலிதா 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பப்பு சுப்பாராவ் கிண்டி கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியர். அக்கால வழக்கப்படி லலிதாவுக்குப் பதினைந்தாம் வயதிலேயே திருமணம் நடந்தது.  பதினெட்டாம் வயதில், பெண் குழந்தை பிறந்த நான்கே மாதங்களில், கணவரை இழந்தார். கைம்பெண்களை வீட்டின் மூலையில் ஒடுக்கி வைத்த காலம் அது. ஆனால் லலிதா சோர்ந்துவிடவில்லை. தம் காலில் நிற்கவும் குழந்தையை வளர்க்கவும் கல்வியே துணை என்று துணிந்தார். தந்தையாரும் துணை நின்றார்.

இராணி மேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். மருத்துவரானால் நள்ளிரவிலும் குழந்தையை விட்டுச் செல்ல நேரும். ஆகவே தந்தையாரின் துறையான பொறியியலையே நாடினார். தந்தையார் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக் கல்வி இயக்குநர் ஸ்டாதமும் இசைவு தந்தார். 1940இல் லலிதா மின்பொறியியல் வகுப்பில் சேர்ந்தார். நூற்றுக்கணக்கான மாணவர்களிடையே அவர் ஒருவரே மாணவி. விடுதியில் துணையின்றி வாடினார். வாரக் கடைசியில் சென்று குழந்தையைக் கண்டு வந்தார். தந்தையாரின் முயற்சியால், பெண்களும் சேரலாம் என்று கல்லூரி விளம்பரம் செய்தது. லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவர் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். ஒருத்திக்காகத் திறந்த கதவு பலருக்கும் வழியாயிற்று.

படிப்பு முடிந்து பட்டச் சான்றிதழ் வந்தபோது ஒரு விந்தை! ஆண்பாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அதில் அச்சாகியிருந்தது. அதனை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தனர். பின்னர் ஜமால்பூர் இரயில்வே தொழிற்சாலையில் ஓராண்டு பயிற்சி பெற்றார். சிம்லாவில் அரசுப் பணியாற்றினார். 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கு அவர் ஆற்றிய பணியைக் கொண்டே பொறியியல் யாது என்பதை நாம் உணரலாம். அணையிலிருந்து பாயும் நீர் சக்கரத்தைச் சுழற்ற, மின்னாக்கி மின்சாரத்தைத் தருகிறது. நெடுந்தொலைவு செல்லும்போது அது வீணாகாதிருக்க, மின்னழுத்தத்தை உயர்த்திக் கம்பிகளில் அனுப்புகின்றனர். ஊரை அடைந்ததும் துணைமின் நிலையத்தில் அதனைக் குறைக்கின்றனர். இக்கம்பித் தடங்களையும் துணைமின் நிலையங்களையும் கணக்கிட்டு வரைந்து தருவதே லலிதாவின் வேலை. பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளுக்கான பணியிலும் அவருக்குப் பங்குண்டு. இதற்குத் தோள்வலிமையா வேண்டும்? தெளிந்த கணக்கும், பிழையற்ற வரைபடமும், பொறுமையுமே வேண்டும்!

1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் அனைத்துலக மாநாட்டில் கலந்துகொண்டார். 1966இல் இலண்டன் மின்பொறியாளர் கழகத்தின் முழு உறுப்பினரானார். 1977இல் ஓய்வு பெற்று, 1979இல் தம் அறுபதாம் வயதில் இயற்கை எய்தினார்.

அன்புத் தோழியரே! கணக்கு கடினம், பட்டறை நமக்கு ஆகாது என்று நம்மில் சிலர் தயங்குகிறோம். கைக்குழந்தையைப் பிரிந்து, துணைக்கு ஒரு மாணவியும் இல்லாமல், முதலாண்டைக் கடந்தார் லலிதா. பல தோழியரோடு செல்லப் போகும் நாம் அஞ்சுவது ஏன்? விருப்பமுள்ளோர் துணிந்து செல்வோம். பின்வரும் தங்கையரையும் கைகொடுத்து அழைத்துச் செல்வோம்.